மூத்தவளின் அரைக் காணி

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாவது. முதல் மனைவி பிள்ளை இல்லாமலே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். போனவள் சும்மா போகவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் அரைக் காணி நஞ்சையை விட்டுவிட்டுப் போனாள். அவள் அப்பா இறந்தபிறகு பாகத்தில் அவளுக்கு வந்தது. நான் வாழ வந்த நாளிலிருந்து அந்த நிலம்தான் எனக்குச் சக்களத்தி. செத்தவளோடு சண்டை போட முடியாது, பாருங்கள்.

விடிந்ததும் மொபெட்டை எடுப்பார். "அவ நெலத்துக்குப் போயிட்டு வரேன்" என்பார். "நம்ம நெலம்" என்று ஒரு நாளும் அந்த வாயில் வந்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கேயே படையல். எங்கள் பக்கத்தில் தாலியோடு போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். புடவை வைத்துப் படைத்து, அதை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் புடவையை அவரே வில்லியனூர் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எடுப்பார். தீபாவளிக்கு எனக்கென்றால் காசைக் கையில் திணித்து, "நீயே பாத்து எடுத்துக்கோ" என்பார். அவளுக்கு எடுத்ததைக் கட்டிக்கொண்டு நான் வந்து நிற்கும்போது கண் கலங்குவார். என்னைப் பார்த்தா கலங்கினார்?

சுற்றியிருந்த வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஒரே தம்பி வந்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. அக்காவுக்குப் புள்ள இல்ல. அது எங்க அப்பன் வூட்டு நெலம். நானே எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

நான் உள்ளே போய் அவனுக்குச் சர்க்கரை தூக்கலாகக் காபி போட்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? "போர் போட்டு இத்தினி வருசம் பாடுபட்டவன் நீ. புருசனுக்கு இல்லாத உரிமை இன்னாப்பா?" என்று ஏற்றிவிட்டார்கள். வில்லியனூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். நானும் ஒட்டிக்கொண்டேன். நிலம் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு வக்கீல் சொன்னார்: "அவங்க சொந்தமா வாங்கியிருந்தா உங்களுக்குத்தான். அப்பா வழியில வந்து, புள்ளையும் இல்லன்னா, புருசனுக்கு வராது. அப்பாவோட வாரிசுக்கே திரும்பிடும்."

இவர் முகம் செத்துப்போனது. எனக்கோ அந்த வக்கீலின் வாயில் சர்க்கரையைப் போடலாம் போலிருந்தது.

"வுட்டுடுங்க, அடுத்தவங்க சொத்து நமக்கு எதுக்கு?" என்றேன், பெரிய நியாயஸ்தி மாதிரி. அரைக் காணி இன்றைக்கு என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. போகட்டும். நிலம் போனால் கூடவே அவளும் போய்த் தொலைவாள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அவர் சண்டை சச்சரவு இல்லாமல் விட்டுக்கொடுத்தார். மனை போட மண் அடிக்க வண்டி வரும் நாளில், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் சங்கரா மீன் வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடித்த குழம்பு. இன்றிலிருந்து இந்த ஆள் எனக்கு மட்டும் என்று மனசு துள்ளியது.

உச்சிவேளைக்குத் திரும்பி வந்தார். மொபெட்டின் முன்னால் ஈரத்துண்டில் கட்டிய ஒரு மூட்டை. அவிழ்த்தார். மஞ்சள் பூசி, பொட்டு வைத்த மூன்று செங்கற்கள். நிலத்து வேப்பமரத்தடியில் அவள் என்று வைத்து, வருஷா வருஷம் படையல் போட்ட கற்கள்.

"கல்ல எடுத்துட்டுப் போவச் சொல்லிட்டான் மச்சான். மனை வாங்க வரவன் பயப்படுவானாம்."

சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கூடத்தில் எங்கள் கட்டிலுக்கு எதிர் மூலையைத் தானே கூட்டி, தண்ணீர் தெளித்து, கற்களை வரிசையாக வைத்தார். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாடி, இன்னிக்குன்னு கவுச்சி ஆக்கி வச்சிருக்க? அவ வூட்டுக்கு வந்திருக்கா. வேற எதாச்சும் ஆக்கு."

மீன் குழம்பைச் சட்டியோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, அவளுக்குப் பருப்பு வேக வைத்தேன்.