பாடாலூரில் நின்ற பஸ்

பாடாலூரில் டீ குடிக்க பஸ் நிற்கிறது. நான் டீ வாங்காமல், கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனி போயிருக்கும் என் மகள் கயல், இன்று வகுப்போடு ஹாம்பர்க் நகரத்தைப் பார்க்கக் கிளம்பியவள், ரயில் மாறும் இடத்தில் தனியாக விடுபட்டுவிட்டாள்.

"எல்லாரும் அடுத்த கதவுல ஏறிட்டாங்கம்மா. என் கதவு தொறக்கவே இல்ல. பட்டன அமுக்கணுமாம். வண்டி போயிடுச்சு."

அடுத்த ரயில் ஐந்து நிமிடத்தில் வருமாம். டீச்சர் அதில் ஏறி வரச் சொல்லியிருக்கிறாராம். அவள் ஏறும்வரை போனை வைக்காதே என்கிறேன்.

கண்டக்டர் அருகில் வந்து என்னவென்று கேட்கிறார். சொல்கிறேன்.

"ரயிலே இல்லாத பெரம்பலூர்ப் புள்ள அது. கண்டக்டர் வந்து தொறப்பாருன்னு நின்னிருக்கும்" என்கிறார். அழுதுகொண்டிருந்த கயலுக்கும் அது கேட்டுவிட்டது, சிரிக்கிறாள்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பஸ் கிளம்பினால் இரைச்சலில் அவள் குரல் கேட்காது. ஆனாலும் பதறிப்போய்ப் படியில் கால் வைக்கிறேன்.

"மொதல்ல புள்ள ஏறட்டும், அப்புறம் நீங்க ஏறுங்க" என்கிறார் கண்டக்டர். "நான் விசில் அடிக்காம வண்டி எப்படிப் போவும்?"