செத்த விரலும் தனியாக வைத்த டம்ளரும்

பழைய சாமானை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவனால் யாரையும் லேசில் நம்பிவிட முடியாது. சென்னையில் பழைய இரும்புக் கடைக்காரன், "ஒரே கை ஓட்டின கன்னுபா, கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ" என்பான். லாரிச் சக்கரத்து நட்டைக் காற்றின் விசையால் கழற்றுகிற கன் அது. அதன் மேல் புதுப் பெயிண்ட் மினுங்கினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விரிசலை ஒட்டி மறைத்திருப்பார்கள். உள்ளே கிரீஸை அள்ளி அப்பியிருந்தால், பேரிங் போய்க் கத்துகிறது, அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்பரைத் தேய்த்திருந்தால் தொடவே மாட்டேன். இந்தப் புத்தி கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் என்னோடு வந்துவிட்டது.

மீஞ்சூர்ப் பக்கம் ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைச் சுவருக்குப் பின்னால் எங்கள் வீடு. சமையலறையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வேலையை ஆரம்பித்தேன். எளாவூர் சோதனைச் சாவடி அருகே டயர்க் கடை வைத்திருப்பவர்களும், ஃபைபர் படகுகளைத் தேய்த்து ஒட்டுப் போடுகிறவர்களும் என்னிடம் வாங்குவார்கள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். ஒரே மகளை எண்ணூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரு கைக்குழந்தை.

அந்த வருஷம் மழைக்காலத்தில், கப்பல்களில் துரு தட்டும் காண்ட்ராக்டர் ஒருவருக்காக மூட்டை மூட்டையாகக் காற்றில் ஓடும் சுத்தியல்கள் வந்தன. கையில் பிடித்து விசையை அழுத்தினால், முனையில் இருக்கும் உளி படபடவென்று அடிக்கும். இரும்பில் ஏறிய துரு செதில் செதிலாகக் கொட்டும். ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, கையில் பிடித்து ஓட்டிப் பார்ப்பேன். அதில் எனக்கு அவசரமே கிடையாது. ஓட்டி முடித்த சுத்தியலையே சந்தேகப்பட்டு இன்னொரு முறை ஓட்டுவேன். வேலை முடிந்து கையை எடுத்த பிறகும் உள்ளங்கைக்குள் தேனீ பறப்பதுபோல வெகுநேரம் குறுகுறுவென்றிருக்கும்.

மார்கழி பிறந்தது. வாடைக்காற்று ஏரியிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும். ஒருநாள் காலை படகுத்துறை வரை நடந்து போய்விட்டு வந்து ஸ்பேனரை எடுத்தேன். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. கையைப் பார்த்தேன். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பாதி வரை மெழுகுவத்திபோல வெளுத்திருந்தன. தொட்டால் என் விரலாகவே தெரியவில்லை. குண்டூசியை எடுத்துக் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் நீலமாகி, பிறகு சிவந்து, மிளகாய் பூசியதுபோல எரிந்தது. அப்புறம் எதுவுமே நடக்காததுபோல ஆகிவிட்டது.

நான் பிறந்தது கோட்டைக்குப்பத்தில். சின்ன வயதில் அங்கே ஒருவனுக்கு முதலில் விரல்தான் மரத்தது. பீடி நெருப்பு சுட்டது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தான் என்று சொல்லுவார்கள். அப்புறம் சவுக்குத் தோப்புக்கு அப்பால் குடிசை போட்டு அவனைத் தனியாக வைத்தார்கள். பெண்டாட்டி தூர நின்று அவன் தட்டில் கஞ்சி ஊற்றுவாள். அந்தத் தட்டை நாங்கள் யாரும் தொட மாட்டோம், பந்து அதன் பக்கம் உருண்டால் பந்தையே விட்டுவிடுவோம்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி எதிரே வந்தால் கையை லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டேன். குளிர் விட்ட பிறகே கொட்டகைக்குப் போனேன். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்றிலிருந்து அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்தது. எங்கள் வீட்டில் தட்டும் டம்ளரும் ஒரே அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இப்போது என் தட்டும் என் டம்ளரும் மட்டும் அங்கே தனியாகக் கவிழ்த்துக் கிடந்தன. அவளுடையவை கொல்லைக் கதவுப் பக்கம் போய்விட்டன. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், எனக்குப் போட்டுவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்தால் முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள். என் மேல் நாற்றம் வருகிறதோ என்று சட்டையை முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடைதான் வந்தது. அது எப்போதும் வருவதுதான்.

ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"ஏன்மே?" என்றேன்.

"உள்ள புழுக்கமா கீது."

மார்கழியில் புழுக்கம்.

பொங்கலுக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று சொல்லியிருந்த மகள் வரவில்லை. போன் பண்ணினேன்.

"இல்ல நைனா, இப்ப வாணாம். அம்மாதான்…" என்றாள். சட்டென்று நிறுத்திக்கொண்டு, "கொயந்தைக்குச் சளி" என்றாள்.

அந்த 'அம்மாதான்' என் காதிலேயே நின்றது. ஆக, தாயும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். பேரனைத் தொட விடக்கூடாது என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் எனக்குக் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். எல்லாருக்கும் அதில்தான் கொடுக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தும், என்னை உத்தேசித்துத்தான் கண்ணாடி கிளாஸை எடுத்துவிட்டாரோ என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்து நான் வந்ததும் நிறுத்தினால், பேச்சு என் விரலைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கோபம்தான் பயத்தைவிட அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவள் நேராக ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கவில்லை. தோப்புக்குப் பதிலாக என் வீட்டுக்குள்ளேயே என்னைத் தள்ளி வைக்கிறாள். அவள் வாயாலேயே அதை வரவழைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

மத்தியானச் சாப்பாடு. இறால் தொக்கு வைத்திருந்தாள். வழக்கம்போல எனக்குப் போட்டுவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தாள். நான் பாதியில் எழுந்து போய், அவள் குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தேன்.

அவள் அலறிக்கொண்டு எழுந்தாள். என் கையைத் தட்டிவிட்டதில் டம்ளர் சுவரில் போய் அடித்தது.

"இன்னாயா பண்ற? துப்பு! மொதல்ல துப்புயா!"

"ஏன், நான் வாய் வச்சா உன் டம்ளரு கெட்டுப்பூடுமா?"

"இன்னா ஒளர்ற?"

"எல்லாம் தெரியும்மே எனக்கு. தட்டு தனி, பாய் தனி. பொண்ண வரவாணாம்னு சொன்னதும் நீதான? எனக்குக் குஷ்டம்னு நீயா முடிவு பண்ணிக்கின."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே கேட்டாள்.

"குஷ்டமா? யாருக்கு?"

"எனக்குத்தான்!" என்று வலது கையை நீட்டினேன். உச்சி வெயில் நேரம். விரலெல்லாம் நல்ல ரத்த ஓட்டத்தோடு சாதாரணமாக இருந்தது. அவள் கிட்டே வராமல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானயா கீது."

அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்குதான்யா சரியில்ல. சளியில ரத்தம் வருது."

"எப்பத்துலர்ந்து?"

"தீபாவளிக்கு அப்பால. எங்க அக்கா இப்டித்தான் இருமி இருமிப் போச்சு. உனக்கும் ஒட்டிக்கும்னுதான் என் தட்ட தனியா வச்சிக்கினேன். கொயந்தைக்கு ஆவாதுன்னுதான் பொண்ண வரவாணாம்னேன். உன் தட்டு எப்பவும் இருக்கிற எடத்துலதான கீது?"

அலமாரியைப் பார்த்தேன். ஆமாம். என் தட்டு அதே இடத்தில்தான் இருந்தது. இருந்த இடத்தை விட்டுப் போனது அவளுடையது. வீட்டில் இரண்டே தட்டு. அவற்றைப் பிரித்து வைத்தால் எது ஒதுக்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? என்னுடையது என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

உடனே நம்பினேன் என்று சொன்னால் அது பொய். என்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுகிறாளோ என்று அப்போதும் ஓர் ஓரத்தில் ஓடியது. "எங்க, நான் கேட்டதே இல்லியே நீ இருமி?" என்றேன்.

"உன் மிஷின் ஓடுறப்ப வந்து கொல்லையில இருமுவேன். அது ஓடுனா உனக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

எழுந்து கொல்லைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இருமினாள். மணலில் விழுந்த சளியில் சிவப்பாக ஒரு நூல் ஓடியிருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அதற்குமேல் நான் கேட்க என்ன இருக்கிறது?

"ஏன்மே எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ. அங்க வந்து டாக்டருகிட்ட சண்ட போடுவ. முட்டி வலிக்குப் போனப்ப, 'மாத்தர கம்பெனிக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்'னு கேட்டவன்தான நீ?"

கேட்டேன்தான்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தாள். என் கையை அடிக்கடி பார்த்துக்கொண்டாள். நான் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் காவல் காத்தோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மனைவிக்குப் பரிசோதனைக்குச் சளியை எடுத்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். அதற்குள் அவளே, "இவர் கையையும் பாரும்மா" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். எல்லாம் தெரிந்தது. தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பண்றீங்க ஐயா?"

வேலைக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம், பேச்சை மாற்றுகிறாரோ என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் சுத்தியல் சங்கதியைச் சொன்னேன். குளிரில் மட்டும்தான் வெளுக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"இது குஷ்டம் இல்ல. ரொம்ப நாள் அதிர்ற மிஷினப் பிடிச்சா விரல்ல இருக்கிற ரத்தக் குழாய் கெட்டுடும். குளிர் பட்டா சுருங்கிக்கும். அதான் வெளுக்குது, மரத்துப்போகுது. பீடி உண்டா?"

"உண்டு."

"அதையும் விடணும். மிஷின இனிமே கையில பிடிச்சு ஓட்டாதீங்க. கைய சூடா வச்சுக்குங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா? இல்ல, இவ சொல்லச் சொன்னாளா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்ககிட்ட நான் தனியா பேசவே இல்லையே!"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வந்தது காசநோய்தான் என்று முடிவு வந்தது. முடிவைக் கேட்டதும் அவள் அழவில்லை. "எங்க அக்காவுக்கு மாத்தர கெடைக்கல. எனக்குக் கெடைக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும், ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அவள் தட்டு டம்ளர் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர், "இது தட்டுல ஒட்டாதும்மா. இருமுற காத்துலதான் பரவும். வாய மூடிக்கிட்டது சரி, தனியா படுத்ததும் சரி" என்றார். ஆக, எங்கள் சண்டைக்குக் காரணமான தட்டும் டம்ளரும் ஒரு பாவமும் அறியாதவை.

அவள் இருமினால் எனக்குக் கேட்க வேண்டும் என்று, கம்ப்ரஸரைச் சமையலறைப் பக்கத்திலிருந்து நகர்த்தி, கொட்டகையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோனேன். சுத்தியல்களை மேஜை வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கிப் பூட்டி, விசையைக் கயிற்றால் கட்டி, தூர நின்று வால்வைத் திறந்து ஓட்டிப் பார்க்கப் பழகினேன். முதலில் அந்தச் சோதனை மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. கை சொல்கிற சேதியைக் காது சொல்லுமா என்றிருந்தது. போகப் போகச் சொன்னது. காண்ட்ராக்டர் எதையும் திருப்பி அனுப்பவில்லை.

மாத்திரை விஷயத்தில் அவளை நான் நம்பவில்லை. ஆரம்பத்தில் அதைச் சாப்பிட்டாலே அவளுக்குக் குமட்டும். மறைத்துக் கொல்லையில் வீசிவிடுவாளோ என்று தினமும் எதிரே போய் நின்றேன்.

"நாக்க நீட்டிக் காட்டணுமா?" என்பாள்.

"காட்டு."

காட்டுவாள். திட்டிக்கொண்டே காட்டுவாள். அவளும் சும்மா இல்லை. சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கிறதா என்று, துவைக்கிற சாக்கில் துழாவிப் பார்ப்பாள். இரண்டு தடவை பிடித்தும் இருக்கிறாள்.

வெயில் காலத்தில் அவள் உடம்பு தேறியது. ரவிக்கை இறுக்குகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். மருந்து முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று சொன்ன பிறகு மகள் வந்தாள். அதற்குள் பேரன் நடக்க ஆரம்பித்திருந்தான். என் மனைவி அவனைத் தூக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். "அதான் சரியாப் போச்சின்ட்டாங்களே, தூக்கும்மா" என்று மகள் அதட்டினாள். தூக்கினாள். ஆனாலும் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியே வைத்திருந்தாள்.

அடுத்த மார்கழியில் மோதிர விரல் மறுபடி வெளுத்தது. முன்போல அடிக்கடி இல்லை. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து அவளே எனக்குக் கையுறை பின்னிக் கொடுத்தாள். ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனால், வலை இறக்குகிறவர்கள், "இன்னா பெரியவரே, பனி மலைக்கா கெளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே குடித்துவிட்டு வருவேன்.