பாகான் டத்தோ வரை போய்த் திரும்பிய பை

காலை ஏழரைக்கு குனோங் ராபாட்டிலிருந்து ராஜுவின் வாடகைக் காரில் கிளம்பினோம். பாகான் டத்தோ ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். போய்வர வாடகை இருநூறு வெள்ளி. பின்சீட்டில் எனக்குப் பழக்கமான பையன் சுதன், மடியில் ஒரே பை. ஓர் ஆண்பிள்ளையை நேசித்தான் என்று இலங்கையில் சொந்த அண்ணன்மாரே அவன் கையை உடைத்தார்கள். கடல் தாண்டி இந்த நாட்டுக்கு ஓடிவந்தான். இங்கேயும் விஷயம் தெரிந்ததும், இன்றைக்குள் அறையைக் காலிசெய் என்றுவிட்டார் வீட்டுக்காரர். என் நாத்தனார் சரோஜாவின் தென்னந்தோப்பில் ஓர் அறை சும்மா கிடந்தது. எல்லாவற்றையும் போனில் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க அண்ணி" என்றாள்.

கோப்பெங் தாண்டும்போது ராஜு, "என்ன தம்பி, பாட்டியே உன்னவிட அதிகமா பேசுறாங்க லா!" என்றான். நான் வாய் திறப்பதே அபூர்வம். மூவரும் சிரித்தோம்.

"கதைக்கப் பயமாக் கிடக்கு அண்ணே" என்றான் சுதன்.

பத்து மணிக்குச் சேர்ந்தோம். எனக்கும் ராஜுவுக்கும் கண்ணாடிக் கிளாஸில் தேநீர். சுதனுக்கு மட்டும் வாசலில், தேங்காய்ச் சிரட்டையில்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. வீட்ல சாமி இருக்கு. போன்ல சரின்னுட்டேன், யோசிச்சா அறையும் வேணாம்லா, ஊரு பேசும்" என்றாள் சரோஜா.

முன்பு ரப்பர்த் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பின்வாசலில், சாதி பார்த்து எனக்கும் இவளுக்கும் சிரட்டையில்தான் ஊற்றினார்கள். அன்று லயத்து வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதவள் இவள்தான்.

"கிராணி செத்துப் போயிட்டான், அவன் சிரட்டைய மட்டும் நீ பத்திரமா வச்சிருக்கியா?" என்று கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதே இல்லை. சிரட்டையைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தேன். "ஏறு தம்பி வண்டியில."

"இப்ப எங்க பாட்டி?" என்றான் ராஜு.

வெட்கமாக இருந்தது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து என் வீட்டிலேயே ஓர் அறை காலி. தெருவின் வாய்க்குப் பயந்துதான் அவனை இவ்வளவு தூரம் இழுத்துவந்தேன். சரோஜா முகத்துக்கு நேராகச் சொன்னாள். நான் காரில் ஏற்றி அனுப்பப் பார்த்தேன். அந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேரவேண்டியது.

"எங்க வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பகல் ஒரு மணிக்கு வீடு. எதிர்வீட்டு லெட்சுமி கேட்டில் நின்று, "யாருக்கா இது? என்ன உறவு?" என்றாள்.

"என் வீட்ல இருக்கிற உறவு" என்றேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.

சுதன் பையை இறுக்கிப் பிடித்தபடியே நின்றான். வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன். என் வீட்டிலும் சாமி இருக்கிறது. அதற்கு அடுத்த அறைதான் அவனுடையது.