கெட்டதை வாய்விட்டுச் சொன்னவள்

அங்காளம்மனை நம்பி வந்திருக்கும் அக்கா தங்கைகளே, போன ஐப்பசியில் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் எங்கள் ஊர். திட்ட மேலாண்மையும் சமூக மாற்றமும் என்று அஞ்சல் வழியில் ஒரு படிப்பு படித்தேன். கடைசியில் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். நடவுக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போக, குன்றடியில் சும்மா கிடந்த ஓட்டுக் கொட்டகையைச் சரிசெய்தோம். என் மகளையும் அங்கேதான் விடுவதாக இருந்தேன்.

என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஊர்ப் பெண்களையே கேட்டு எழுதச் சொன்னார், போனில் பாடம் நடத்தும் மேடம். கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் கெட்டதைப் பேசினால் வாய்முகூர்த்தம் பலித்துவிடுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்து நானே எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. பெற்ற பிள்ளைக்கு நானே எப்படிக் கெட்டதை எழுதுவேன்?

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க பஸ் ஏறினேன். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே அழுதேன். "தாயே, எங்க யாருக்கும் வாய் வரல. நீயே சொல்லிடு" என்றேன். அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் கொட்டகைக்குப் போனேன். உள்ளே என் நாத்தனார் ராணி முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். காக்காய்ச் சத்தம்கூட இல்லை. துடைப்பம் உரசும் சத்தமும் கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"கல்லு எறங்குது. புள்ளைங்கள இங்க வெக்காத."

குரல் ராணியுடையதுதான். ஆனால் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்து வீட்டுக்கு ஓடிவந்தேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று, தலைமையாசிரியரிடம் கெஞ்சி, பிள்ளைகளை விடும் இடத்தைப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றினேன். படித்துப் படித்து எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வாரமே விடாத மழை. பட்டப்பகலில், பெண்கள் எல்லோரும் கழனியில் இருந்தபோது, மேலே இருந்த பாறை புரண்டு வந்தது. கொட்டகை இருந்த இடத்தில் ஓட்டுத் தூள்தான் மிச்சம். பிள்ளைகள் வராந்தாவில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். என் மகளை வாரி எடுத்து ஓவென்று அழுதேன்.

ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அமாவாசைக்கு மறுநாள் கொட்டகையில் நீ சொன்னதால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"இன்னா அண்ணி சொல்றீங்க? அன்னிக்கு நான் அனந்தபுரம் சந்தைக்கில்ல போயிருந்தேன்."

இப்போது ஆபத்துகளைப் பேச நாங்கள் கூடும்போது முதலில் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுகிறோம். அவள் முன்னால் சொன்னால் பலிக்காது என்ற தைரியத்தில், பெண்கள் மனதில் உள்ள பயத்தையெல்லாம் கொட்டுகிறார்கள். நானும் படிப்பில் தேறிவிட்டேன். என் தாய்க்கு இந்த உயிர் உள்ளவரை கடன்பட்டிருக்கிறேன். நீங்களும் அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கட்டாயம் சொல்வாள். சொல்ல வருகிறவளின் முகத்தை மட்டும் பார்க்க ஆசைப்படாதீர்கள்.