திரும்பும் வழியில் விலகிய படகும் எஸ்தர் அக்காவும்

செய்தி வந்தபோது எங்கள் சேலையூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் கணேசன், மாடியில் குடியிருக்கும் ராஜேஸ்வரி, மோட்டார் ரிப்பேர் செய்ய வந்திருந்த பிளம்பர். வேறு யாரும் இல்லை. என் கணவரின் போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எஸ்தர் அக்காவின் தம்பி சாமுவேல் சொன்னது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கேட்டது. "சார், அக்கா போயிட்டாங்க." ஞாயிறு ஆராதனைக்குப் புறப்பட்டவர், செருப்பு மாட்டக் குனிந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். எஸ்தர் அக்காவைப் பார்த்தே இராத அந்த பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதக் காரணம் உண்டு. எந்தப் பழுதைக் கொண்டுபோனாலும் அக்கா முதலில் கேட்கும் கேள்வி அது. விமானக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் அவரோடு இத்தனை வருடம் வேலை பார்த்த தோழிகளாகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவள், மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் துக்கத்துக்கு முன்னால் ஒரு கலக்கம் வந்து நிற்கிறது. வருகிற சனிக்கிழமை, ஒரு மாத நினைவு ஜெபம் முடிந்ததும், அக்காவின் குடும்பத்தார் எல்லாரையும் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போய் அவர் பெயரால் மலர் தூவப் போகிறார்கள். ஓட்டப்போகிறவர் என் கணவர். அந்தப் படகின் ஆட்டோபைலட்டை நம்பலாமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படகைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவரும் அக்காவின் தம்பி சாமுவேலும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு இருவரும் கூட்டாக ஒரு சிறிய மோட்டார் படகு வாங்கினார்கள். கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கோவளம் பக்கம் கழிமுகத்தில் ஒரு தனியார் படகுத்துறையில் அது நிற்கிறது. என் கணவருக்கு வலது தோளில் தேய்மானம், நெடுநேரம் ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாது. அதற்காகவே ஆட்டோபைலட் பொருத்தினார்கள். போகவேண்டிய திசையை வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் படகு தானாக அந்தத் திசையிலேயே போகும். கை ஓய்வாக இருக்கலாம்.

நன்றாகத்தான் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் சாமுவேலும் அவர் மனைவியுமாக மாமல்லபுரம் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டனை அழுத்திவிட்டு எல்லாரும் பின்பக்கம் புளியோதரை சாப்பிட உட்கார்ந்தோம். படகு ஓசையில்லாமல் கரைப்பக்கம் விலகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்காரர் துண்டை வீசிக்கொண்டே கத்தினார். "யோவ், இன்னா, வூட்ல குந்திகினு துன்றா மாதிரி துன்னுகினு வர? ஸ்டீரிங்க புடிக்க ஆள் இல்லியா?" என் கணவர் பாய்ந்துபோய்த் திருப்பினார். அந்தப் படகுக்காரரின் வலையை ஒட்டிப் போனோம். அப்பால் அலைத்தடுப்புக் கற்கள் தெரிந்தன. என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என் கணவர் ஸ்டீரிங் ஆயில் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்றார். சாமுவேல் சாஃப்ட்வேர் கோளாறு என்றார். படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார். ஆயிலை மாற்றினார்கள், சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். ஒரு தடவை சரியாகப் போகும், இன்னொரு தடவை விலகும். கடைசியில் அக்கா எல்லாரையும் படகுத்துறைக்கு வரச்சொன்னார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பழைய மீட்டர் ஒன்று அவர் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரோடு வந்த முருகேசனையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொருவராகப் பேசவேண்டும், மற்றவர் குறுக்கே வரக்கூடாது என்பது அவர் சட்டம். என் கணவர் காற்று, ஆயில் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கணேசன் சார், காத்த நீங்க பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நெனச்சது அப்புறம். பாத்தத சொல்லுங்க."

என் முறை வந்தபோது எனக்கு இந்தக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். "தெரியாதவங்கதான் ஒழுங்கா பாப்பாங்க வசந்தா. வெயில் உன் மேல எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று கேட்டார். இப்படியே எல்லாரையும் கேட்டு முடித்தபோது ஒன்று தெளிந்தது. தெற்கே போகும்போது படகு ஒருநாளும் விலகியதில்லை. வடக்கே, வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் விலகியிருக்கிறது. ஆயிலுக்குத் தெற்கு வடக்கு தெரியாது, திசைகாட்டிக்குத்தான் தெரியும் என்றார் அக்கா. பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி ஒரு பக்கம் பார்க்கும்போது சரியாகவும் இன்னொரு பக்கம் பார்க்கும்போது தப்பாகவும் சொல்லுமாம். பழுதை விடப் பெரிய கேள்வி, திசைகாட்டியின் பக்கத்தில் யார் என்ன வைத்தார்கள் என்பதுதான் என்றார்.

யாரும் எதுவும் வைக்கவில்லை என்றோம். என் கணவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். "என்னங்க?" என்றேன்.

ஆயுத பூஜை அன்று படகுக்குத் திருஷ்டி கழித்தபோது ஒரு குதிரை லாடத்தையும் பொருத்தியிருக்கிறார். வீட்டு வாசலில் அடிப்பதுபோல் முன்பக்கம் அடித்தால் கூட்டாளி சாமுவேல் கிறிஸ்தவராயிற்றே, மனம் சங்கடப்படுமே என்று யோசித்து, யார் கண்ணுக்கும் படாமல் உட்காரும் பலகைக்கு அடியில் திருகிவைத்துவிட்டார். அந்தப் பலகைக்கு மறுபக்கம்தான் ஆட்டோபைலட்டின் திசைகாட்டி இருந்தது. சாமுவேல் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், எங்க வூட்டு வாசல்லயே லாடம் இருக்கு சார். அப்பா அடிச்சது. என்னைக் கேட்டிருந்தா நானே முன்னாடி அடிச்சுக் குடுத்திருப்பேன்."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்த மரியாதையில இந்த போட்டு கல்லுல ஏறியிருக்கும்" என்றார். லாடத்தை அவரே கழற்றினார். தூக்கி எறியவில்லை. ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, பூஜை செய்த பொருள், வீட்டு நிலையில் அடித்துக்கொள் என்றார். இன்றும் அது எங்கள் வாசலில் இருக்கிறது.

லாடம் போனதோடு வேலை முடியவில்லை. திசைகாட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளப் படகை அமைதியான தண்ணீரில் மெதுவாக வட்டமடிக்க வைக்க வேண்டுமாம். கழிமுகத்தில் அப்படிச் சுற்றியபோது அக்கா ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க, நான் அவர் சொன்னபடி கைத் திசைகாட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்றேன். "அப்ப நல்லா வேண்டிக்கோ, ஆனா கண்ண மூடாத" என்றார். வட்டம் முடிந்ததும், இது பாதிதான், கடலில் வடக்கு முகமாக ஓட்டிப் பார்த்தால்தான் மீதி என்றார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சோதனை செய்யக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அன்று அலை அதிகமாக இருந்ததால் தள்ளிப்போயிற்று.

பிறகு ஒருநாள் காலை, சாமுவேல் வெளியூரில் இருந்தபோது, அக்காவே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். கூட இரண்டு பெண்கள் இருந்தார்கள், மேடத்தோடு வேலை பார்த்தவர்களாம் என்கிறார் முருகேசன். அவர் கரையில் இருந்தார். திரும்பி வரும்போது ஸ்டீரிங் அக்காவின் கையில் இருந்தது, சிரித்துக்கொண்டே வந்தார் என்பது மட்டும்தான் அவர் பார்த்தது. முகத்துவாரத்தில் நுழையும்போது அக்கா எப்போதும் கையால்தான் ஓட்டுவார். அதனால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அன்று மதியம் எனக்குப் போன் செய்தார். "வசந்தா, போட்ட பத்தி ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம், நேர்ல வரேன், காபி போட்டு வை." அந்த வாரமே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

சிரித்தார் அல்லவா, சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் வர இருந்தார் என்கிறார் என் கணவர். சாமுவேலிடம் கேட்டால், "அக்கா தொட்டா தப்பா இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். அவரை மறுபடி கேட்க மனம் வரவில்லை. என் கணவரிடம் கையாலேயே ஓட்டிப் போங்களேன் என்றால், தோள் தாங்காது, திரும்பும்போது மட்டும் பட்டனைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். அன்று படகில் குழந்தைகளும் இருப்பார்கள். முருகன் முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கற்கள்தான் தெரிகின்றன.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று வீட்டில் பெயர். ஒருமுறை அக்காவிடமே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னேன், படகில் ஏறினாலே பயமாக இருக்கிறது என்று. அவர் கேலி செய்யவில்லை. "எதுக்குப் பயம்னு சொல்லு. முழுகிடும்னா, மோதிடும்னா, கரை தெரியாம போயிடும்னா? பேர் சொல்லாத பயத்துக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது" என்றார். சாமுவேல் அக்காவின் கைத் திசைகாட்டியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அக்காவிடமிருந்து நான் உண்மையில் எடுத்துவைத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். என் பயத்தைப் பெயர் சொல்லிக் கேட்க இப்போது எனக்கு வெட்கமில்லை.

ஆகவே கேட்கிறேன். அன்று காலை எஸ்தர் அக்காவோடு படகில் போன இருவரும் உங்களில்தான் இருக்கவேண்டும். வடக்கு முகமாகத் திரும்பிய பிறகு அக்கா அந்தப் பட்டனை அழுத்தினாரா? அழுத்தியிருந்தால் படகு நேராகப் போயிற்றா, கரைப்பக்கம் விலகிற்றா? நினைவு மலர் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். சாமுவேலுக்கோ எனக்கோ போன் செய்து சொல்லுங்கள். சனிக்கிழமை படகு புறப்படும் முன்னால் எனக்குப் பதில் வேண்டும்.