ஒரு சுற்று முன்னதாக அடித்த மணி

இரண்டு கோடைகாலம் நான் சைக்கிள் பந்தயங்களில் மணி அடித்தேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பிறகு எப்படி அந்த இடத்துக்குப் போனாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்: மகள் ஓடினாள். டென்மார்க்கில் பிள்ளை ஒரு கழகத்தில் சேர்ந்தால் தாய்தகப்பனும் சேர்ந்த மாதிரித்தான். சம்பளமில்லாத வேலை ஒன்று வீடு தேடி வரும். ஒருவர் கேக் சுடுவார், ஒருவர் இலக்கத் துணிகளையும் ஊசிகளையும் பங்கிடுவார், ஒருவர் மஞ்சள் மேலங்கியோடு மூலையில் கொடி பிடிப்பார். முடியாது என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அடுத்த கிழமையும் அதே சிரிப்போடு வந்து கேட்பார்கள். அதைவிடக் கோபித்தாலே பரவாயில்லை என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் முதலில் அகப்பட்டவர் கணவர். சனிக்கிழமைகளில் வீதிப் பந்தயம். ஹேர்னிங் நகரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகள் அன்று வெறிச்சோடிக் கிடக்கும். களஞ்சியங்களுக்கு நடுவே, மேற்குக் காற்றில் சரிந்தபடி, ஓட்டக்காரர்கள் ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். கணவரின் வேலை, தவறி வருகிற வாகனங்களை மறிப்பது. "டெனிஷ்காரன்ர லொறிய நிப்பாட்டுற அதிகாரம் இந்த நாட்டில எனக்கு வேற எங்கயப்பா கிடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டு நேரத்தோடேயே புறப்பட்டுவிடுவார்.

கோயிலில் கண்டவர்கள் வேறு கேட்டார்கள். பிள்ளை கறுத்துப் போறாளே, கால் எல்லாம் ஆம்பிளைப் பிள்ளையின் கால் மாதிரி வந்துவிட்டதே, படிப்பு என்னாவது என்று. அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை பிடித்தேன். அதுதான் என் வழக்கம்.

வீதிப் பந்தயத்தை என்னால் சகித்துக்கொள்ள முடிந்தது. தடப் பந்தயம் வேறு. கிண்ணத்தின் விளிம்பு போலச் சரிந்த கொங்கிரீட் தடம். அதில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. முதன்முதலில் மகள் அதைக் கொண்டுவந்து காட்டியபோது, கடைக்காரன் பூட்ட மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். "பிரேக் பூட்டினாத்தான் ஆபத்து அம்மா, ஒருத்தி திடீரெண்டு பிடிச்சா பின்னால வாறவை எல்லாரும் விழுவினம்" என்றாள். இதையெல்லாம் நம்ப வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் என் வேலை நேரம் மூன்றரைக்கு முடியும். செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் நேரே தடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். சும்மா இருக்கிற ஆள் ஒன்று அங்கே நெடுநாள் சும்மா இருக்க முடியாது. எனக்கு மணியைத் தந்தார்கள்.

வேலை சின்னது. முடிவுக் கோட்டருகே ஒரு பலகை. இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று அதில் இலக்கம் தெரியும். முன்னால் வருகிறவர் கோட்டைத் தாண்டும்போது ஓர் இலக்கத்தைக் குறைக்க வேண்டும். ஒன்று என்று வரும்போது, கடைசிச் சுற்று என்பதற்கு, பக்கத்தில் தொங்குகிற பித்தளை மணியை அடிக்க வேண்டும். தலைமை நடுவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பென்சிலால் தன் கணக்கை வைத்துக்கொள்வார். ஆனாலும் ஓட்டக்காரர்கள் பார்ப்பது பலகையைத்தான். பெலன் முழுவதையும் எந்தச் சுற்றில் கொட்டுவது என்பதை அந்தப் பலகையும் மணியும் சொல்கின்றன.

ஒரு நாளைத் தவிர, இரண்டு கோடையிலும் நான் ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மாத்திரைகளை நேரத்துக்கு நேரம் எண்ணிக் கொடுத்துப் பழகிய கை. பலகை உன்னிடம் இருந்தால் கவலையில்லை என்று நடுவரே ஒருநாள் சொன்னார். அந்தச் சொல்லை நான் வீட்டில் பலதடவை சொல்லிக் காட்டினேன்.

கழகத்தில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. தன் பிள்ளை ஓடுகிற பந்தயத்துக்குத் தாயோ தகப்பனோ மணி அடிக்கக்கூடாது. நேர்மையில் சந்தேகம் என்பதல்ல; கண் பிள்ளையை விட்டு வேறெங்கும் போகாது என்பதற்காக. அந்த நேரம் இன்னொரு பெற்றோர் வந்து நிற்பார். மகள் ஓடும்போது எனக்காக வருபவர் ஒரு தச்சர். அவருடைய மகன் ஓடும்போது அவர் கோப்பி குடிக்கப் போய்விடுவார்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் கோடையின் கடைசிச் செவ்வாய். குளிர்காலத்தில் உள்ளரங்கத் தடத்தில் பயிற்சி எடுக்கும் பெண்கள் அணிக்கு நான்கு பேர் வேண்டும். மூவரை எடுத்தாகிவிட்டது. நான்காவது இடம் அன்று முப்பது சுற்றுப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவளுக்கு என்று பயிற்சியாளர் அறிவித்திருந்தார். மகளுக்கு அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். அந்த இடம் அன்று கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மூன்று நாளாக அவள் சாப்பாட்டை அளந்து சாப்பிட்டாள். நான் ஏதும் கேட்டால் டெனிஷில் ஒரு சொல்லில் பதில் வந்தது.

தச்சர் வந்து, தான் நிற்பதாகச் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன். "நான் பிழைவிட மாட்டேன்."

அவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் தோளைக் குலுக்கினார். தச்சர் கோப்பி மேசைக்குப் போனார். மகளின் கடைசிப் பந்தயத்துக்கு வேறொருத்தர் மணி அடிப்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு பெண்கள். இருபது சுற்று வரை ஒன்றாகவே போனார்கள். பிறகு இருவர் பிரிந்து முன்னால் ஓடினார்கள். அரைச் சுற்று இடைவெளி வந்தது. பின்னால் கூட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தவள் என் மகள். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைந்தது. பலகையில் நான்கு. முன்னால் போன இருவரும் கோட்டைத் தாண்டினார்கள். மூன்று என்று மாற்றினேன். பின்னாலேயே மகள் வந்தாள், வாய் திறந்தபடி, மூக்கு கைபிடியைத் தொடுகிற மாதிரிக் குனிந்து. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் கண்டதில்லை. எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அவள் கோட்டைத் தாண்டினாள், என் கை இரண்டு என்று மாற்றியது.

அதை நான் உணரவில்லை. நடுவர் அந்நேரம் எதிர்ப்பக்கத்தில் யாரோ தடத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அந்த இருவரும் வந்தபோது ஒன்று என்று மாற்றி, மணியை அடித்தேன். பலமாகவே அடித்தேன்.

"இல்லை! இன்னும் இரண்டு!" என்று நடுவர் எழும்பினார். மகளுக்கு மணிதான் கேட்டிருக்கும். கூட்டத்திலிருந்து தெறித்துப் போனாள். எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் முன்னால் போன இருவரையும் பிடித்தாள், வளைவில் தாண்டினாள், தனியாகக் கோட்டுக்கு வந்து ஒரு கையைத் தூக்கினாள். அந்தக் கை இன்னும் மேலே இருக்கும்போதே நடுவர் என்னை விலக்கிவிட்டுத் தானே மணியை அடித்தார். இதுதான் கடைசிச் சுற்று என்று கத்தினார். மற்றவர்கள் அவளைக் கடந்து போனார்கள். அவள் மிதித்துப் பார்த்தாள். காலில் ஒன்றும் மிச்சமில்லை. ஏழாவதாக வந்தாள்.

நான் நடுவரிடம் போய், அவள் முதலாவதாகத் தாண்டியதைக் கணக்கில் எடுக்கச் சொன்னேன். முடியாது, பந்தயம் முப்பது சுற்று என்றார். பயிற்சியாளரிடம் போனேன். பிழை என்னுடையது, பிள்ளையினுடையது அல்ல என்றேன். தெரியும் என்றார். வென்ற பெண்ணும் அதே மணியைத்தான் கேட்டாள், அவளிடம் இடத்தை எப்படிப் பறிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. டெனிஷ்காரரிடம் ‘பூட்’ என்றொரு சொல் உண்டு. போகட்டும் விடு என்று அர்த்தம். அங்கே நின்ற எல்லோரும் மாறி மாறி அதை என்னிடம் சொன்னார்கள். தச்சர் மட்டும் ஒரு கோப்பை கோப்பியைக் கையில் தந்தார். அதைக் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது மகள்தான் காரை ஓட்டினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. வழக்கத்தை மீறியதையும், தச்சரைத் திருப்பி அனுப்பியதையும், அவளையே பார்த்து இலக்கத்தை மாற்றியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் ஏசட்டும் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்" என்றாள், பாதையைப் பார்த்தபடி. "நானும் எண்ணினனான். இன்னும் ரெண்டு சுத்து இருந்தது."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சுகொண்டு பிறகு ஏன் வெளிக்கிட்டனி? மற்ற பிள்ளையள் நிண்டதுகள்தானே?"

முன்னால் போன உழவு இயந்திரத்தை முந்தினாள்.

"அம்மாதானே மணி அடிச்சவா எண்டு நினைச்சன்" என்றாள். "அம்மா பிழையா அடிக்க மாட்டா. நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு நினைச்சன்."