நோவா காலத்து ஆளைக் கரை சேர்த்தவன்

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் தூத்துக்குடியில் தோணித் தண்டல் ரோச் என்று கேட்டால் சுங்கக்காரர்கூட வழி காட்டுவார். தோணியில் தண்ணீர் இறைக்கச் சேர்ந்தவன் அதை நடத்தும் தண்டல் ஆன கதையை நானே எழுதி வைக்கிறேன். வேறு யார் எழுதப் போகிறார்கள்?

நாற்பத்தெட்டாம் வருஷம். அப்போது கப்பல் கரைக்கு வராது. ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிதான் கொண்டுவரும். எங்கள் தண்டல் காய்ச்சலில் படுத்துவிட்டார். தோணி முதலாளி காயல்பட்டினம் மூஸா நெய்னா என்னைக் கூப்பிட்டார்.

"காலேஜுக்கு ஒரு கல்லு வருது. ஒடையாம கொண்டாந்தா இனி நீதான் தண்டல். ஒடைஞ்சா பழைய வேலைக்கே போயிரு."

கப்பலிலிருந்து இறக்கும்போதே பெட்டியின் மேல்பலகை பெயர்ந்துவிட்டது. உள்ளே பலகைக்கல். கல்லோடு கல்லாக மண்டையோடு, முதுகெலும்பு, இரண்டு கை. என்னோடு வந்த வில்பிரட் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஏலே ரோச், இது நோவா காலத்து வெள்ளத்துல செத்த ஆளுலே. பொணத்த வச்சிக்கிட்டு நான் பாய் ஏத்த மாட்டேன்."

மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தது. அலையில் பெட்டி ஆடியது. அன்றைக்கு என் மூளை வேலை செய்தது போல் எந்த வக்கீலுக்கும் செய்திருக்காது.

"கடல்ல செத்தவனக் கண்டா நாம என்னலே செய்வோம்?"

"கரைக்குக் கொண்டாருவோம்."

"இவன் எத்தன காலமாக் காத்துக் கெடக்கானோ. நீ அம்போன்னு விட்டுட்டுப் போவியா?"

வில்பிரட் தலைத்துண்டை அவிழ்த்துக் கல்லின் மேல் போர்த்தினான். சிமெண்டு மூட்டையைத் தொம்மென்று போடுகிற பயல்கள், கரை வரும்வரை அந்தக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். செபம் சொல்லிக்கொண்டே தோளில் தூக்கி இறக்கினார்கள்.

காத்திருந்த காலேஜ் வாத்தியார் துண்டை விலக்கிச் சிரித்தார்.

"மனுஷன் இல்லப்பா. ராட்சத சலமாண்டர். பல்லி மாதிரி இருக்கும், தவளைக்குச் சொந்தம். இந்த வகை எப்பவோ அழிஞ்சு போச்சு. முன்னாடி ஐரோப்பாவில ஒரு டாக்டரே இப்படி ஒண்ணைப் பார்த்து, வெள்ளத்தில செத்த மனுஷன்னு எழுதி வச்சார்."

"கேட்டியாலே, டாக்டரும் நம்ம கட்சிதான்," என்றான் வில்பிரட். கொஞ்சமும் வெட்கமில்லை.

மூஸா நெய்னா கல்லைச் சுற்றி வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"தவக்களையோ மனுசனோ, பூப்போல வந்திருக்கு. ரோச், தோணி இனி உன் பொறுப்பு. நாளைக்குக் கண்ணாடிச் சாமான் வருது, போய் எடுத்துட்டு வா."

"மொதலாளி, அதுக்குள்ள யாரும் செத்துக் கெடக்கலையே?" என்று கேட்டான் வில்பிரட்.

"விடியுமுன்ன வந்து பாயக் கட்டுலே," என்றேன், தண்டல் குரலில்.